தண்ணீர் இறைத்தவரின் பிரார்த்தனை

இந்த வாரம் நாளிதழில் வந்த ஒரு செய்தி எனக்குக் கோபமூட்டியது. ஒரு நிறுவனம் தன் மேலாளர்களுக்கு, பழைய கிரேக்கத் தத்துவ மரபு ஒன்றின் பெயரில், ‘ஸ்டோயிக் பயிற்சி’ நடத்தியிருக்கிறது. பதறாமல் விற்பனை இலக்கை எட்டுவது, மேலதிகாரி திட்டினாலும் கலங்காமல் இருப்பது, விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பது எல்லாம் பாடத்தில் உண்டு. ஆசான், மார்க்கஸ் அரேலியஸ்.

பயிற்சி நடக்கட்டும். மனம் அடங்கினால் யாருக்கும் நல்லதுதான். என் ஆதங்கம் வேறு. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரிந்த பழைய வழக்கு. ஸ்டோயிக்குகளை விரும்பி அழைத்து வருபவர்கள் கடவுளை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ராஜாஜியின் ‘ஆத்ம சிந்தனை’ வழியாக அரேலியஸைச் சந்தித்த என் போன்றவர்களுக்கு இது வேதனையாக இருக்கிறது. அரேலியஸ் எழுதியதன் முதல் பகுதி முழுக்க நன்றிதான். தாத்தா, தாய், ஆசிரியர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவந்து, முடிவில் தெய்வங்களுக்கு நீளமாகவே நன்றி சொல்கிறார் அந்த ரோமச் சக்கரவர்த்தி. அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய் எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்?

கோபத்தோடு அலமாரியைத் திறந்தவன் அரேலியஸை எடுக்கவில்லை, கிளியாந்தஸை எடுத்தேன்.

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் உள்ள அசோஸ் ஊர்க்காரர். குத்துச்சண்டை வீரர். கையில் நான்கு திராக்மாவோடு ஏதென்ஸ் வந்து, ஸ்டோயிக் மரபைத் தொடங்கிய ஜீனோவிடம் மாணவராகச் சேர்ந்தார். பகலில் பாடம். இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் கூலிவேலை. பப்பைரஸ் வாங்கக் காசில்லாததால் ஜீனோ சொன்னதைச் சிப்பி ஓடுகளிலும் மாட்டின் தோள் எலும்பிலும் எழுதிவைத்தார். பகலெல்லாம் தத்துவம் கேட்கிற ஆளுக்கு இத்தனை கட்டான உடம்பு எப்படி, பிழைப்பு என்ன என்று கேட்டு விசாரணைக்கே இழுத்துவிட்டார்கள். தோட்டக்காரரும், அவர் மாவு அரைத்துக் கொடுத்த பெண்ணும் வந்து சாட்சி சொன்னார்கள். மகிழ்ந்துபோன நீதிபதிகள் அவருக்குப் பத்து மினா, அதாவது ஆயிரம் திராக்மா, கொடுக்கத் தீர்மானித்தார்கள். வாங்கக் கூடாது என்று ஜீனோ தடுத்துவிட்டார். இதெல்லாம் தத்துவவாதிகளின் வாழ்க்கையைத் தொகுத்து எழுதிய டயோஜெனிஸ் லயர்ஷியஸ் சொல்லும் கதைகள். செவிவழி வந்ததையும் சேர்த்துக்கொள்பவர் அவர். இருந்தும் இந்த மனிதரை நம்பத்தான் தோன்றுகிறது.

கிளியாந்தஸ் ஜீயஸைப் பாடிய துதி ஒன்று இருக்கிறது. நாற்பது வரிகூடத் தேறாது. ஸ்டோபேயஸ் என்பவர் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தன் மகன் படிப்பதற்காகத் தொகுத்த பெருநூலில் இடம்பெற்றதால் பிழைத்தது. ஜீனோ எழுதியவை, 705 நூல்கள் எழுதியதாகச் சொல்லப்படும் கிரிசிப்பஸின் எழுத்து, எல்லாம் துண்டு துணுக்குகளாகவே கிடைக்கின்றன. ஆரம்பகால ஸ்டோயிக்குகளிடமிருந்து ஓரளவு முழுசாக நம் கைக்கு வந்திருப்பது இந்தப் பிரார்த்தனைதான்.

நான் கிரேக்கர்களிடம் போனதே கடவுளைத் தேடித்தான். அரிஸ்டாட்டிலின் கடவுள், தான் அசையாமல் அனைத்தையும் அசைப்பவர், என் அறிவுக்கு நிறைவு தந்தார். ஆனால் சதா தன்னையே சிந்தித்துக்கொண்டிருப்பவரிடம் நான் என்ன பேச? எபிகூரஸின் தேவர்கள் நம் பக்கம் திரும்பவே மாட்டார்கள். கிளியாந்தஸின் ஜீயஸ் ஒலிம்பஸ் மலையில் உட்கார்ந்திருக்கும் ராஜா அல்ல. உலகின் ஒவ்வொரு அணுவிலும் ஊடுருவி அதை நடத்தும் அறிவு. அதைத்தான் அவர் முன்னிலையில் நிறுத்தி, தந்தையே என்று கூப்பிடுகிறார். தெய்வத்தின் அருகே போக உரைநடைக்குத் தெம்பு போதாது, செய்யுள்தான் வேண்டும் என்பது அவர் கருத்து.

கேட்பது என்ன என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. தண்ணீர் இறைத்துத் தோள் கடுத்தவர் ஓய்வு கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை, ஆயுள் கேட்கவில்லை. மனிதர்களை அறியாமையிலிருந்து மீட்க வேண்டும், உலகை நடத்தும் அந்த அறிவில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்று எல்லோருக்குமாகக் கேட்கிறார். பரீட்சை, வேலை, வீடு, பிள்ளைகளின் கல்யாணம் என்று சன்னதியில் நின்று பழகியவன் நான். இப்படியும் கேட்கலாம் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான்.

துதியில் ஓர் இடம் மட்டும் தர்க்கத்தில் இடிக்கும். ஜீயஸின்றி எதுவும் நடப்பதில்லை என்றவர், தீயவர்கள் தங்கள் மடமையால் செய்வதை மட்டும் அதிலிருந்து விலக்கி வைக்கிறார். எல்லாம் அவன் செயல் என்றால் விலக்கு எங்கிருந்து வந்தது? அவருக்குப் பின் வந்த கிரிசிப்பஸ் இந்த ஓட்டையை அடைத்தார். தீமையும் ஜீயஸின் நியதிக்குள் அடக்கம் என்றார். கணக்கு நேராகிவிட்டது. ஆனால் ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையைக் காலைச் செய்தியில் படித்த பிறகு, அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடிவதில்லை. கிளியாந்தஸ் அந்தப் பழியைக் கடவுள்மேல் போட மறுக்கிறார். ஒழுங்கு குலைந்ததை ஒழுங்குக்குக் கொண்டுவர அவனுக்குத் தெரியும் என்று அடுத்த வரிகளிலேயே நம்பவும் செய்கிறார். இரண்டையும் பொருத்திக் காட்டும் விளக்கம் துதியில் இல்லை. அந்த விளக்கம் இல்லாமலேயே, இந்த வழக்கில் நான் கிளியாந்தஸ் கட்சி.