கட்டுரைகளை எண்ணியவர்கள் கவனிக்காதது: தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்த பொய்த் தரவுகள்

ஒரு மருத்துவ ஆய்வாளரின் தகுதியை எதைக்கொண்டு அளப்பது? பெரும்பாலான நிறுவனங்கள் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைகளையே எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை எவ்வளவு ஆபத்தானதாக மாறலாம் என்பதை ஜேர்மனிய மயக்கமருந்து நிபுணர் யோகிம் போல்ட் தொடர்பான விவகாரம் காட்டுகிறது.

லுட்விக்ஸ்ஹாஃபன் நகர வைத்தியசாலையில் மயக்கமருந்துப் பிரிவின் தலைவராக இருந்த போல்ட், நோயாளருக்குத் திரவம் ஏற்றுதல் பற்றி மிக அதிகமாக எழுதியவர்களில் ஒருவர். குருதியமுக்கம் வீழ்ந்த நோயாளிக்கு உடனடியாகத் திரவம் ஏற்ற வேண்டும். சாதாரண சேலைனா, குருதியிலிருந்து பெறப்படும் விலைகூடிய அல்புமினா, மாப்பொருளிலிருந்து தயாரிக்கப்படும் ஹைட்ரொக்ஸிஎதில் ஸ்டார்ச்சா என்பது நீண்டகால விவாதம். ஸ்டார்ச் பாதுகாப்பானது என்ற தரப்புக்குப் போல்டின் ஆய்வுகள் பெரும் பலம் சேர்த்தன.

2009இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையின் தரவுகள் நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருப்பதாக வாசகர்கள் சிலர் சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதினர். விசாரணை தொடங்கியது. 2010 ஒக்டோபரில் அக்கட்டுரை மீளப்பெறப்பட்டது. அடுத்த மாதம் அவர் பதவியிழந்தார். 2011இல் பல சஞ்சிகைகளின் ஆசிரியர்கள் கூட்டாக, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கு ஆதாரமில்லாத 80இற்கும் மேற்பட்ட கட்டுரைகளை மீளப்பெறுவதாக அறிவித்தனர். இன்று அந்தத் தொகை 200ஐத் தாண்டிவிட்டது.

இது வெறும் கல்விசார் அவமானமாக முடிந்திருந்தால் நாம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் மருத்துவத்தில் ஒரு கட்டுரை தனியாக நிற்பதில்லை. பல ஆய்வுகளின் பெறுபேறுகள் ஒன்றுசேர்க்கப்பட்டு, அதன் அடிப்படையில் சிகிச்சை வழிகாட்டல்கள் எழுதப்படுகின்றன. அந்த வழிகாட்டலைப் பார்த்தே இரவுக் கடமையிலுள்ள வைத்தியர் எந்தப் போத்தலை மாட்டுவது என்று தீர்மானிக்கிறார்.

2013இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான தொகுப்பாய்வு இதைத் தெளிவாக்கியது. 38 ஆய்வுகள், 10,880 நோயாளர். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஸ்டார்ச் மரணத்தை அதிகரிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போல்டின் 7 ஆய்வுகளை நீக்கியதும் படம் மாறியது: மரண அபாயமும் சிறுநீரகப் பாதிப்பும் அதிகரிப்பது தெரிந்தது. நீக்கப்பட்டவை ஏறத்தாழ 590 நோயாளரின் தரவுகள் மட்டுமே. அவ்வளவு சிறிய பங்கு, ஓர் எச்சரிக்கையை மறைக்கப் போதுமானதாக இருந்தது.

அதற்கு முன்னரே, 2012இல், ஸ்கண்டிநேவிய நாடுகளில் கடும் செப்சிஸ் நோயாளர் சுமார் 800 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வில், ஸ்டார்ச் பெற்றவர்களில் 51 வீதமானோர் 90 நாட்களுக்குள் இறந்திருந்தனர். மற்றத் தரப்பில் அது 43 வீதம். 2013இல் ஐரோப்பாவில் இதன் பாவனை மட்டுப்படுத்தப்பட்டது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் விற்பனை அனுமதியையே இடைநிறுத்தியது. முதலாவது கட்டுரை மீளப்பெறப்பட்டு அதற்குள் 12 வருடங்கள் ஓடியிருந்தன.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. டெங்கு அதிர்ச்சி நிலையில் எந்தத் திரவத்தை, எவ்வளவு ஏற்றுவது என்பது உயிரைத் தீர்மானிக்கும் கேள்வி. ஐரோப்பிய சத்திரசிகிச்சைக் கூடத்தின் தரவு அதற்கு நேரடியான விடையாகாது. வியட்நாமியச் சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வு, மிதமான டெங்கு அதிர்ச்சிக்கு மலிவான ரிங்கர் லாக்டேட் திரவமே போதுமானது என்று காட்டியது. நமது நோய்களுக்கு நமது பிராந்தியத்திலேயே நேர்மையான ஆய்வுகள் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

போல்டைத் தனியொருவரின் குற்றமாக ஒதுக்கிவிடுவது இலகு. ஆனால் அவருடைய கட்டுரைகளை மதிப்பாய்வு செய்தவர்களும், இணை ஆசிரியர்களாகப் பெயர் கொடுத்தவர்களும், எண்ணிக்கையைப் பார்த்துக் கௌரவித்த நிறுவனங்களும் இருந்தன. மூலத் தரவைக் காட்டுங்கள், ஒழுக்கநெறி அனுமதியைக் காட்டுங்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் போதும். பதவியுயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் எந்த மருத்துவபீடமும், முதலில் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.