முகத்துக்குத் தமிழ் தெரியும்

நம் சங்கத்து அன்பர்களிடையே ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. இலக்கியம் பேசத் தமிழ், அறிவியல் பேச ஆங்கிலம் என்பதே அந்த எண்ணம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பதுபோல, ஆய்வுக்கூடத்து வாசலில் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம்.

விலங்கியலில் முதுகலை பயிலும் மாணவன் நான். இந்தப் பழக்கம் தவறானது என்பது என் கருத்து. கருத்தைச் சொன்னால் மட்டும் போதுமா? காரணமும் காட்ட வேண்டும் அல்லவா? அதற்காக நெடுந்தூரம் போக வேண்டாம். நம் ஒவ்வொருவரிடமும் இருக்கும் முகம், தாடை, கழுத்து ஆகியவற்றின் தசைகளையே எடுத்துக்கொள்வோம்.

பாடப் புத்தகத்தில் ‘பக்சினேட்டர்’ என்ற பெயரைக் கண்டதும் நமக்கு ஒரு பிரமிப்பு உண்டாகிறது. லத்தீனில் அதன் பொருள் என்ன தெரியுமா? கொம்பு ஊதுகிறவன்! கன்னத்தில் உள்ள இந்தத் தசை, வாயில் அடைத்த காற்றை அழுத்தி வெளியே தள்ள உதவுவதால் அந்தப் பெயர் வந்தது. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் பெயரிட்டிருந்தால் நாதசுரத் தசை என்றே சொல்லியிருப்பார். ‘மாசெட்டர்’ என்றால் மெல்லுகிறவன். ‘பிளாட்டிஸ்மா’ என்றால் தட்டையானது. ‘ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு’ என்று மூச்சுவிடாமல் சொல்லுகிறோமே, அது பெயரே அல்ல, விலாசம்! மார்பெலும்பிலும் காறையெலும்பிலும் தொடங்கி, காதின் பின்னே புடைத்திருக்கும் எலும்பு முனையில் முடிவது என்பதே அதன் பொருள்.

அந்த மொழிகளைப் பேசியவர்களுக்கு இவை சர்வசாதாரணமான சொற்கள். நமக்கோ மந்திரங்கள் ஆகிவிட்டன. மந்திரத்தை உருப்போடுகிறவன் தேர்வில் வெல்லலாம். பொருளை அறிந்தவனுக்கே பாடம் விளங்கும்.

தமிழில் இதற்கெல்லாம் சொல் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. சற்று எண்ணிப் பாருங்கள். புருவத்தை நெரிக்கிறோம், கண்ணை இடுக்குகிறோம், மூக்கை விடைக்கிறோம், உதட்டைப் பிதுக்குகிறோம், வாயைக் குவிக்கிறோம், பல்லைக் கடிக்கிறோம், வெற்றிலையைக் கன்னத்தில் அதக்குகிறோம். ஒவ்வொரு வினைக்குப் பின்னும் ஒரு தசையோ சில தசைகளோ இருக்கின்றன. நெரிக்கும் தசை, பிதுக்கும் தசை, குவிக்கும் தசை, மெல்லும் தசை என்று சொல்லிப் பாருங்கள். பெயரைக் கேட்டதுமே வேலையும் தெரிந்துவிடுகிறது. புதிதாக ஒன்றும் படைக்க வேண்டியதில்லை. பாட்டி வாயிலிருந்து எடுத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

பெயர் விளங்கிவிட்டால் அமைப்பு தானே விளங்கும். உடலின் பெரும்பாலான தசைகள் எலும்பை எலும்போடு இணைக்கின்றன. முகபாவத் தசைகளோ பெரும்பாலும் தோலில் போய் முடிகின்றன. அதனால்தான் தசை சுருங்கும்போது தோல் மடிந்து பாவமாகிறது. இவற்றுக்கெல்லாம் ஆணை கொண்டுவருவது ஏழாம் மூளை நரம்பு. தாடையை அசைத்து மெல்லும் நான்கு இணைத் தசைகளுக்கு ஐந்தாம் நரம்பு. கழுத்தைத் திருப்பும் அந்த நீண்ட விலாசக்காரனுக்குப் பதினோராம் நரம்பு. தாடையின் கீழே ‘டைகேஸ்ட்ரிக்’ என்னும் இருவயிற்றுத் தசை இருக்கிறது. அதன் முன்வயிற்றுக்கு ஐந்தாம் நரம்பு, பின்வயிற்றுக்கு ஏழாம் நரம்பு. கருவில் இரு வேறு வளைவுகளிலிருந்து பிறந்து ஒன்றாகச் சேர்ந்த தசை அது. இதைச் சொல்லத் தமிழ் எங்காவது தடுமாறிற்றா?

இது வெறும் மொழிப் பற்று அன்று. நான் குடியிருக்கும் வடநாட்டு நகரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் உண்டு. அந்த வீட்டு அம்மாளுக்கு ஒரு நாள் காலையில் முகம் ஒரு பக்கம் கோணிவிட்டது. மருத்துவர் நல்லவர்தாம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் விவரமாகச் சொல்லி மருந்தும் கொடுத்தார். அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. பேயோ பாவமோ என்று கலங்கிப்போனார். “ஏன் தம்பி, இந்த ஒரு கண் மட்டும் மூடமாட்டேன் என்கிறதே?” என்று என்னிடம் கேட்டார்.

தமிழில் சொன்னேன். கண்ணைத் திறக்கும் தசைக்கு மூன்றாம் நரம்பு, மூடும் தசைக்கு ஏழாம் நரம்பு. உங்களுக்கு நோவு கண்டது ஏழாம் நரம்பில். அதனால் இமையைத் திறக்கிற ஆள் இருக்கிறான், மூடுகிற ஆள் படுத்துவிட்டான். விழி உலர்ந்து புண்ணாகாமல் இருக்கத்தான் சொட்டு மருந்தும் இரவில் கட்டும் என்றேன். அம்மாள் முகத்தில் பாதிதான் அசைந்தது. ஆனாலும் அந்தப் பாதியில் தெளிவு தெரிந்தது. அன்று முதல் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொண்டார்.

இந்த முகவாதத்துக்கு முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் குணமாகும் வாய்ப்புக் கூடும். பக்கவாதத்தால் முகம் கோணினாலோ ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். “காற்று அடித்துவிட்டது” என்று மந்திரிக்கப் போய் அந்த நேரத்தை இழப்பவர்கள் நம்மவரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த மொழியில் எடுத்துச் சொல்வது?

உலகப் பொதுப்பெயர்களை விட்டுவிட்டால் உலகத்தோடு எப்படிப் பேசுவது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1895இல் பாசல் நகரில் உடற்கூற்றுப் பெயர்களை ஒழுங்குபடுத்தியவர்கள் லத்தீனைக் கொண்டதற்குக் காரணமே அதுதான். அந்தப் பெயர்களை விடச் சொல்லவில்லை நான். தேர்வுக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் அவை இருக்கட்டும். விளங்கிக்கொள்ளவும் விளக்கவும் தமிழ் வேண்டும் என்கிறேன்.

எழுத்தை மட்டும் மாற்றினாலும் பயனில்லை. 2022 அக்டோபரில் போபாலில் முதலாண்டு மருத்துவ நூல்களை இந்தியில் வெளியிட்டார்கள். அவற்றில் பல சொற்கள் ஆங்கில ஒலியிலேயே தேவநாகரியில் அச்சாகியிருந்தன. மந்திரத்தை வேறு லிபியில் எழுதினால் அது பொருளாகிவிடுமா? நமக்கு வேறொரு முன்மாதிரி இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழ் கற்று, தமிழ் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். கடல் கடந்து வந்தவருக்கு இயன்றது நமக்கு இயலாதா?

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் பட்டிமன்றம் நடக்கட்டும், கவியரங்கமும் நடக்கட்டும். அவற்றோடு மாதம் ஒரு மாலை, அறிவியல் மாணவர் ஒருவர் தம் பாடத்தின் ஒரு பகுதியைத் தமிழில் விளக்கட்டும். கேட்கும் கலை மாணவருக்கு விளங்கவில்லை என்றால் மறுபடியும் சொல்லட்டும். இடறும் சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். முதல் மாலைக்கு நான் ஆயத்தம். வருகிறவர்கள் ஆளுக்கொரு கண்ணாடி கொண்டுவந்தால் போதும்.