இறக்கத்தில் ஏன் சார் அலறுது?

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஹைப்ரிட் காரில் இறங்குகிறீர்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே இல்லை. பாதி வழியில் இன்ஜின் 'ஓ'வென்று அலறும். "போச்சு, மெக்கானிக்குக்கு மொய் எழுதணும்" என்பார் பின் சீட் மாமா. ஒண்ணும் போகலை.

சின்னக் கணக்கு. ஒன்றரை டன் வண்டி, சுமார் 1,900 மீட்டர் இறக்கம். கரென்ட் பில் பாஷையில் சொன்னால், கிட்டத்தட்ட 8 யூனிட் சக்தி! காற்றும் டயரும் தின்றது போக, மிச்சத்தை மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரியில் சேர்க்கப் பார்க்கும். ஆனால் 2010-ல் இங்கே வந்த டொயோட்டா ப்ரியஸின் பேட்டரி மொத்தமே 1.3 யூனிட்தான். அதையும் கழுத்து வரை நிரப்ப கம்ப்யூட்டர் விடாது. குடம் நிரம்பிவிட்டால்? வருகிற கரென்ட்டில் இன்னொரு மோட்டார், இன்ஜினைச் சும்மா சுற்றும். பெட்ரோல் கிடையாது, வெறும் காற்றை அமுக்குகிற வேலை. அதுதான் அந்த அலறல். கியரை 'பி'யில் போட்டால் இதே வேலை முன்கூட்டியே நடக்கும்.

காலைக் குளிரில் கிளம்பினால் மட்டும், இறக்கமாகவே இருந்தாலும், முதலில் கொஞ்ச நேரம் பெட்ரோல் எரியும். புகையைச் சுத்தம் பண்ணும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குச் சூடு வேணுமே!

மைலேஜுக்காக நியூட்ரலில் உருட்டும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரலில் மோட்டாரும் பிடிக்காது, இன்ஜினும் பிடிக்காது. அத்தனை யூனிட்டும் பிரேக்கின் தலையில். குன்னூர் தாண்டியதும் ஒரு வாசனை வரும். டீ ஃபாக்டரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.