விழாவும் அதன் உரைகளும்

ஒரு நூலுக்கு உரை பல தோன்றுதல் தமிழ் மரபு. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பர். மக்கள் கூடி வாழும் வாழ்க்கையும் அத்தகையதொரு நூலே. அதற்கு உரை காண முயலும் துறையைச் சமூகவியல் என்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆகஸ்ட் காம்ட் என்பார் இத்துறைக்குப் பெயர் நிறுவினார். இதன்கண் சிறந்த உரைகள் மூன்று. அவற்றை மயிலாப்பூர் விழா ஒன்றில் வைத்துக் காண்போம்.

பங்குனித் திங்களில் கபாலீசுவரர் கோயிற் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழா. நாயன்மார் திருவுருவங்கள் மாடவீதிகளில் உலா வரும். தெருத்தோறும் நீர்மோர்ப் பந்தல். எங்கும் மக்கள் வெள்ளம். மயிலையின் விழாச் சிறப்பு இன்று நேற்றையதன்று. திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்திலேயே இவ்வூர் விழாக்களை வரிசைப்படுத்திக் கூறியுள்ளார்.

கூடி வழிபடுங்கால் மக்கள் தம் ஒற்றுமையையே புதுப்பித்துக்கொள்கின்றனர் என்பது, துர்க்கைம் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1912இல் வெளியிட்ட நூலின் கருத்து. உடலுக்கு உறுப்புப்போலச் சமூகத்திற்கு ஒவ்வோர் அமைப்பும் பயன்படும் என்னும் செயற்பாட்டு நோக்கு இதனைச் சார்ந்தது. இனிய உரைதான். ஆயின் பலர் இதனோடு நின்றுவிடுகின்றனர். அஃது எமக்கு உடன்பாடன்று.

காரல் மார்க்சின் வழிவந்த முரண்பாட்டு நோக்கினர் வேறொரு வினாவை எழுப்புவர். கூடியவர் யாவர்? கூடவிடாது தடுக்கப்பட்டவர் யாவர்? தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானோர் கோயில்களினுள் செல்லும் உரிமையைச் சென்னை மாகாணம் முழுவதும் சட்டத்தால் பெற்றது 1947இலேதான். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதையர் அவர்களுள் சிலரை அழைத்துச் சென்றபோது எழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. அதற்கு முன்னர் விழாக்கள் எத்துணைப் பொலிவுடன் நடந்திருப்பினும், அவை ஊரார் அனைவரையும் ஒன்றாக்கின என்றல் பொருந்துமா? ஒரு சாராரைப் பிணித்த கயிறே மற்றொரு சாராரை விலக்கிய வேலியாகவும் இருந்தது.

மூன்றாவது, அமெரிக்க அறிஞர் மீட் என்பாரின் கருத்திலிருந்து கிளைத்த குறியீட்டு ஊடாட்ட நோக்கு. இஃது ஊரை விடுத்து, எதிர்ப்படும் இருவரை நோக்கும். பந்தலில் மோர் பெறுபவர் தயங்காது கைநீட்டுகின்றார். மற்றொரு நாள், அறியாதார் வீட்டு வாயிலில் நின்று அதனையே கேட்க நாணுவார். மோர் ஒன்றே, பொருள் வேறு. சொல் இடம் நோக்கிப் பொருள் வேறுபடுதல் போல்வது இது.

இம்மூன்றனுள் இரண்டாவதையே மாணவர் முதற்கண் கற்றல் வேண்டும் என்பது எம் கருத்து. விழா முடிந்தபின் தெருவிற் குவிந்த இலைகளையும் குவளைகளையும் அள்ளும் துப்புரவுத் தொழிலாளரைக் காண்க. அவர் விழாவிற் கலந்துகொண்டவரா, கலந்துகொண்டார்க்கு ஏவல் செய்தவரா? ஒற்றுமை பேசுவோர் இதற்கு விடை கூறட்டும். அத்தொழிலாளர்க்கு மோர் வழங்கியவர் எவரேனும் உளரா என்பதனையும் கேட்டறிக.