ஹவுரா பாலத்தை அரிக்கும் எச்சமும் எச்சிலும்

கொல்கத்தா: ஹூக்ளி ஆற்றின் குறுக்கே 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஹவுரா பாலம் சுமார் 26,500 டன் எஃகால் ஆனது. புயலையும் லாரிகளையும் தாங்கி நிற்கும் அதற்குப் பறவை எச்சமும் வெற்றிலை எச்சிலும் பகையாக வாய்த்தது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், பாலத்தைப் பராமரிக்கும் துறைமுக நிர்வாகத்துக்கு அது வேடிக்கையன்று.

நீண்ட காலம் தேங்கிய பறவை எச்சத்தால் பாலத்தின் பல இணைப்புகள் சேதமடைந்திருப்பது 2003-இல் நடந்த ஆய்வில் தெரியவந்தது. அதையடுத்து, ஆண்டுக்கு ரூ.5 லட்சம் செலவில் எச்சத்தை அகற்றும் பணி ஒப்பந்ததாரர்களிடம் அளிக்கப்பட்டது.

எச்சத்தின் வெண்பகுதியான யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாது. நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. எச்சத்தில் உள்ள உப்புகளும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றைவிடப் பெரிய தொல்லை ஈரம். பஞ்சுபோல் நீரைப் பிடித்துவைக்கும் படிவத்தின் அடியில் ஆக்சிஜன் குறைவாகவும் சுற்றிலும் மிகுதியாகவும் இருக்கும். இந்த வேறுபாடே மறைவான இடத்தில் எஃகைக் குழிகுழியாக அரிக்கிறது. மாட்டுத் தொழுவங்களில் சாணமும் கோமியமும் படியும் இரும்புத் தூண்கள் அடிப்பாகத்தில் முதலில் துருப்பிடிப்பதும் ஏறத்தாழ இவ்வாறுதான். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியறையப்பட்ட ஹவுரா பாலத்தில் இத்தகைய இடுக்குகளுக்குக் குறைவில்லை.

வெற்றிலை எச்சிலின் கதை சற்று வேறு. சுண்ணாம்பு தனித்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்வதில்லை. காங்கிரீட்டுக்குள் கம்பியைக் காப்பதே அத்தகைய காரத்தன்மைதான். ஆனால் அலுமினிய வண்ணப்பூச்சைக் காரம் கெடுக்கும். பூச்சு போனபின், நாள்தோறும் விழும் ஈரம் எஞ்சிய வேலையைச் செய்துவிடும். தூண்களின் அடியிலுள்ள எஃகு உறைகளின் தடிமன் 2007-க்கும் 2011-க்கும் இடையே 6 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டருக்கும் கீழே குறைந்தது. இணைப்புகளுக்குள் நீர் புகாமல் காப்பவை இந்த உறைகளே. பின்னர் சுமார் ரூ.20 லட்சம் செலவில் கண்ணாடியிழை உறைகள் பொருத்தப்பட்டன.

எச்சமே பாலத்தை வீழ்த்திவிடும் என்று அஞ்சுவதும் மிகையே. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் 2007-இல் பாலம் இடிந்து 13 பேர் உயிரிழந்தபோது, அங்கே குவிந்திருந்த புறா எச்சம் பெரிதும் பேசப்பட்டது. இணைப்புத் தகடுகள் வடிவமைப்பிலேயே போதிய தடிமனின்றி இருந்ததுதான் காரணம் என விசாரணை முடிவு கூறியது.

ஹவுராவில் முழுப் பாலத்துக்கும் வண்ணம் பூச 2004-இல் ரூ.65 லட்சம் செலவானது. எச்சத்தைக் கழுவாமல் அதன்மேல் பூசினால் அந்தப் பூச்சு எஃகில் ஒட்டாது.