எண்ணெய் வற்றினால் திரி எரியும்

கனடா தேசத்தின் கியூபெக் மாகாணத்திலே வல்கூர் என்றொரு சிற்றூர் உண்டு. 1934 ஆம் ஆண்டின் மாரிகாலத்தில் அவ்வூரில் இரண்டு வயதுக் குழந்தையொன்று வயிற்றினுள் ஏற்பட்ட அழற்சியினால் நோயுற்றது. வைத்தியசாலையோ தொலைவிலுள்ள ஷேர்புறூக் நகரில் இருந்தது. வீதிகள் யாவும் வெண்பனியால் மூடுண்டு கிடந்தன. குழந்தையின் தந்தையார் மோட்டார் யந்திரங்களைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவர். பதினைந்து வயதிலேயே பனிமீது ஓடும் வண்டியொன்றைச் செய்து பார்த்தவர். ஆயினும் தேவைப்பட்ட அந்த வேளையில் பனியைக் கடக்கவல்ல வண்டி எதுவும் அவர் கையில் ஓடும் நிலையில் இருக்கவில்லை. குழந்தை இறந்தது.

ஜோசப் அர்மண்ட் பொம்பார்டியே என்னும் அத்தந்தையார் துயரத்தோடு அமைந்துவிடவில்லை. பனியில் புதையாது ஓடும் பட்டிச் சங்கிலியொன்றை வகுத்து, 1937 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். எழுவர் ஏறிச் செல்லத்தக்க அவருடைய வண்டிகள், பனிக்காலத்தில் வைத்தியரையும் நோயாளரையும் தபாலையும் சுமந்து சென்றன. பின்னர் 1959 ஆம் ஆண்டில், ஓரிருவர் மட்டும் ஏறிச் செல்லும் சிறிய வண்டியொன்றை அவர் வெளியிட்டார். முன்னே இரு சறுக்குக் கட்டைகளும், பின்னே சுழலும் இரப்பர்ப் பட்டியும் கொண்ட ஸ்னோமொபைல் என்னும் பனி வண்டி உலகெங்கும் பரவியது அதன் பின்னரேயாகும்.

பனியைப் படங்களில் மட்டுமே கண்ட நமக்கு இவ்வண்டி எதற்கு என்று வாசகர் வினவக்கூடும். இவ்வண்டியின் எஞ்சினுக்குள்ளே இரசாயனப் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. நம் வீட்டு விளக்கிலும் அடுப்பிலும் உள்ள பாடமும் அதுவே. அதனை இவ்வாரம் ஆராய்வோம்.

தேவைக்காகப் பிறந்த வண்டி இன்று பெருமளவில் விளையாட்டுக்கு உரியதாகிவிட்டது. வட அமெரிக்காவின் உயர்ந்த மலைச் சரிவுகளில் ஏறிச் செல்வதை அந்நாட்டவர் பெரிதும் விரும்புகின்றனர். ஆனால் மலையிலே ஓர் இடையூறு உண்டு. கடல்மட்டத்திலிருந்து 3,000 மீற்றர் உயரத்தில் வளியின் அமுக்கம் ஏறத்தாழ 70 வீதமாகக் குறைந்துவிடுகிறது. எஞ்சின் ஒரு மூச்சில் உள்ளிழுக்கும் ஒட்சிசனும் அவ்வளவுக்குக் குறைகிறது. கீழே 150 குதிரைவலுக் காட்டிய எஞ்சின் மேலே ஏறத்தாழ 105 குதிரைவலுவே காட்டும். இழந்ததை மீட்கவும், அதற்கு மேலும் பெறவும் சிலர் நாடுவது நைத்திரசு ஒட்சைட்டு என்னும் வாயுவை.

இவ்வாயு நமக்குப் புதியதன்று. ஜோசப் பிறீஸ்ற்லி என்பார் 1772 ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். ஹம்பிரி டேவி என்பார் இதனைத் தாமே சுவாசித்துப் பார்த்து, 1800 ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். சிரிப்பூட்டும் வாயு என்ற பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது. 1844 ஆம் ஆண்டில் ஹொரஸ் வெல்ஸ் என்னும் அமெரிக்கப் பல்வைத்தியர் பல்லைப் பிடுங்கும்போது நோவு தெரியாதிருக்க இதனைக் கையாண்டார். இரண்டாம் உலகப் போரிலே ஜெர்மானிய விமானப் படையினர், காற்று அருகிய உயரத்தில் விமான எஞ்சின்கள் வலுவிழவாதிருக்க இதனையே எஞ்சினுட் செலுத்தினர். மலைமேல் ஏறும் பனி வண்டிக்கும் அதே தேவைதான்.

இங்கு மாணவர்கள் ஒன்றைத் தெளிவாக மனத்திற் கொள்ளல் வேண்டும். நைத்திரசு ஒட்சைட்டு எரிபொருளன்று. தீக்குச்சியைக் காட்டினால் அது பற்றி எரியாது. எஞ்சினின் கடுஞ்சூட்டில் அது நைதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிகிறது. நிறையளவில் சாதாரண வளியில் ஒட்சிசன் ஏறத்தாழ 23 வீதம்; இவ்வாயுவிலோ 36 வீதம். மேலும், கொள்கலத்தில் திரவமாக அடைபட்டிருக்கும் இது வெளியே வந்து ஆவியாகும்போது கடுங்குளிரை உண்டாக்கி, உட்செல்லும் வளியையும் அடர்த்தியாக்குகிறது. சுருங்கச் சொல்லின், கொல்லன் உலைக்குத் துருத்தி எத்தகையதோ, எஞ்சினுக்கு இவ்வாயு அத்தகையது. துருத்தி ஊதினால் மட்டும் போதுமா? கரியும் வேண்டுமல்லவா? கூடுதலாக வந்த ஒட்சிசனுக்கு ஈடாகக் கூடுதலான பெற்றோலும் அதே கணத்தில் வந்தாக வேண்டும். வளியாயின் ஒரு கிலோ பெற்றோலை முற்றாக எரிக்க 14 முதல் 15 கிலோ வரை தேவை. நைத்திரசு ஒட்சைட்டாயின் ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோவே போதும். இவ்வாயு சிறிது மிகுந்தாலும் பெற்றோல் பெரிதும் குறைபட்டதாகிவிடும் என்பது இதனாற் புலப்படும்.

குறைபட்டால் நேர்வது யாது? கோயில் விளக்கைக் கவனித்தவர்கள் அறிவார்கள். எண்ணெய் வற்றியவுடன் சுடர் அணைந்துவிடுவதில்லை. சற்றுநேரம் நின்று எரியும். அவ்வேளையில் எரிவது திரி. எஞ்சினிலும் அவ்வாறே. முழு வேகத்தில் ஓடும்போது தேவைக்குச் சற்று மிகையாகவே பெற்றோல் கொடுக்கப்படுகிறது. அம்மிகை ஆவியாகி உள்ளே குளிர்ச்சியைத் தருகிறது. பெற்றோல் குறைந்தால் அக்குளிர்ச்சி நீங்கி வெப்பம் ஏறுகிறது. ஒழுங்காகப் பரவவேண்டிய தீ வெடியாக மாறித் தாக்குகிறது. பிஸ்டனோ அலுமினியத்தாலானது, தூய அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். சில செக்கன்களுக்குள் பிஸ்டனின் தலையில் துளை விழுந்துவிடக் கூடும். விளக்கின் திரி இங்கே பிஸ்டன் என்க.

நிற்க. அந்தக் கூடுதலான பெற்றோலை எவ்வாறு கொண்டு வருவது?

பழைய காபுரேற்றர் வண்டிகளில் பெற்றோல் மிகச் சிறிய அமுக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அக்குழாயில் ஒரு கிளை வைத்து எடுத்துக்கொண்டார்கள். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் காபுரேற்றர் இல்லை. தாங்கியினுள் உள்ள மின்பம்பி, பெற்றோலை ஏறத்தாழ வளிமண்டல அமுக்கத்தின் மூன்று மடங்கில் தள்ளுகிறது. இஞ்செக்டர் என்னும் நுண்ணிய வால்வுகளைக் கணினி ஒன்று கணப்பொழுது திறந்து மூடி அப்பெற்றோலைத் தெளிக்கிறது. வளியின் வெப்பம், அமுக்கம், எஞ்சினின் வேகம் ஆகியவற்றைக் கணித்து, இவ்வளவு பெற்றோல் போதுமென்று கணினி முடிவு செய்கிறது. ஆனால், நைத்திரசு ஒட்சைட்டு உள்ளே வந்திருக்கிறதென்ற செய்தி அக்கணினிக்கு எட்டுவதில்லை. அறியாத விருந்தினருக்கு அது உலை வைப்பதெங்ஙனம்? எனவே பெற்றோலைக் கொடுக்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

முதலாவது வழி, இஞ்செக்டர்களையே கூடுதலான நேரம் திறந்திருக்குமாறு கணினிக்குக் கட்டளையிடுதல். தனிக் குழாய் வேண்டியதில்லை. ஆனால் இதற்கு எல்லையுண்டு. பனி வண்டிகளிற் பல 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் ஈரடிப்பு எஞ்சின் கொண்டவை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பெற்றோல் வேண்டும். நிமிடத்துக்கு 8,000 சுற்றுச் சுழலும்போது ஒரு சுற்றுக்குக் கிடைப்பது செக்கனின் ஆயிரத்தில் ஏழரைப் பங்கு நேரமே. இஞ்செக்டர் ஏற்கெனவே ஆறு பங்கு நேரம் திறந்திருக்கிறதென்று வைத்துக்கொண்டால், எஞ்சியிருப்பது ஒன்றரைப் பங்கு. ஆகவே, முன்னிருந்த பெற்றோலின் காற்பங்கே மேலும் கொடுக்கலாம். அதற்கு மேல் வலு வேண்டுவோருக்கு இவ்வழி உதவாது.

இரண்டாவது வழி, அமுக்கம் மிகுந்த அக்குழாயிலேயே ஒரு கிளை வைத்து, மின்காந்த வால்வொன்றின் ஊடாகவும் 'ஜெட்' எனப்படும் அளவான சிறு துளையின் ஊடாகவும் பெற்றோலை எடுத்தல். இதில் இரு தவறுகள் நேரக்கூடும். ஒன்று, துளையின் அளவு. துளையினூடாகப் பாயும் திரவத்தின் அளவு, அமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காபுரேற்றர் வண்டிக்கென அமைந்த ஜெட்டை, ஒன்பது மடங்கு அமுக்கமுள்ள குழாயில் பொருத்தினால் மூன்று மடங்கு பெற்றோல் பாயும். எனவே ஜெட்டைச் சிறிதாக்கவோ, அமுக்கத்தைக் குறைக்கும் ரெகுலேற்றர் ஒன்றை இடையில் வைக்கவோ வேண்டும்.

மற்றையது இதனினும் கொடியது. அது பம்பியின் வலுவைப் பற்றியது. 150 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 50 லீற்றர் பெற்றோல் குடிக்கிறதென்று கொள்வோம். வாயுவினால் மேலும் 50 குதிரைவலு வேண்டுமாயின், மூன்றிலொரு பங்கு, அதாவது 17 லீற்றர் வரை மேலதிகமாக வேண்டும். பம்பியால் 60 லீற்றரே தள்ள இயலுமாயின் யாது நிகழும்? புதிய கிளைக்கு மட்டும் பெற்றோல் குறைவதோடு நில்லாது. குழாய் முழுவதிலும் அமுக்கம் விழுந்து, இஞ்செக்டர்களும் பட்டினி கிடக்கும். அமுக்கம் மூன்றிலிருந்து இரண்டாக வீழ்ந்தால், ஒவ்வொரு துளையிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறையும். ஒரு கிணற்றில் இரு துலாக்களைப் போட்டு, ஊற்றைப் பார்க்க மறந்தவன் கதை இது. ஆகையால், முழு வேகத்தில் ஓடும்போது அமுக்கமானி அசையாது நிற்கிறதா என்று பார்த்த பின்னரே வாயுவைத் திறத்தல் வேண்டும்.

மூன்றாவது வழி, தனியான சிறு தாங்கியும் தனியான பம்பியும் வைத்தல். வண்டியின் சொந்தப் பெற்றோல் ஓட்டம் தொடப்படுவதில்லை. வெடித்தெரியாத உயர்ந்த ஒக்டேன் பெற்றோலையும் அத்தாங்கியில் நிரப்பிக்கொள்ளலாம். ஈரடிப்பு எஞ்சினுக்கு உராய்வு நீக்கும் எண்ணெய் பெற்றோலோடு உட்செல்வது வழக்கமாதலின், இத்தாங்கியிலும் சிறிது எண்ணெய் கலந்து வைப்பது முன்யோசனையாகும். ஆயினும் வெறுமையான தாங்கியை மறந்து புறப்படும் அபாயம் இதில் உண்டு.

எவ்வழியாயினும் காவல் ஒன்று உண்டு. பெற்றோல் குழாயில் போதிய அமுக்கம் இருந்தாலன்றி வாயு வால்வுக்கு மின்சாரம் செல்லாதவாறு ஓர் அமுக்க ஆளியைப் பொருத்திவிடலாம். விலை சிறிது, காக்கும் பொருளோ பெரிது. அமுக்கம் மிகுந்த பெற்றோலுக்கென அமைந்த குழாய்களையே பூட்ட வேண்டுமென்பதும் மறக்கத்தக்கதன்று. சூடான புகைக்குழாய்மீது சொட்டும் பெற்றோல் வண்டியையும் ஆளையும் ஒருங்கே எரித்துவிடும்.

பனித்தேசத்துக்கே உரிய சூழ்ச்சியொன்றும் உண்டு. கொள்கலத்திலுள்ள வாயுவின் அமுக்கம் குளிரோடு மாறுவது. 20 பாகை செல்சியசில் அது வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 50 மடங்கு. பூச்சியப் பாகையில் 31 மடங்கு. பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிலோ 18 மடங்கே. குளிர்ந்த காலைவேளையில் கொள்கலம் பூச்சியப் பாகையில் இருந்தபோது ஜெட்டைத் தெரிந்து பொருத்தியவர், பின்னர் அது எஞ்சினருகே 20 பாகைக்குச் சூடேறிவிட்டதைக் கவனியாது வாயுவைத் திறந்தால், வாயு ஏறத்தாழ காற்பங்கு மிகுதியாகப் பாயும். பெற்றோலோ முன்னைய அளவிலேயே நிற்கும். அதனாலேயே அனுபவமுள்ளோர் கொள்கலத்துக்கு மின்சூட்டுப் போர்வையும் அமுக்கமானியும் வைத்து, அதனை ஒரே நிலையில் காக்கின்றனர்.

நம் வீட்டுப் பெண்கள் கறிக்கு உப்பிடும்போது குறைவிலிருந்து தொடங்கிக் கூட்டுவார்கள். இங்கு முறை மாறானது: பெற்றோலை மிகுதியிலிருந்து தொடங்கி, தீப்பொறிப் பிளக்கைக் கழற்றிப் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் குறைப்பர். மிகுந்தால் எஞ்சின் திணறும், குறைந்தால் உருகும். திணறியதை மீண்டும் ஓட்டலாம். உருகியதை ஓட்ட இயலாது.

இவ்வாயுவைச் சிரிப்பதற்காகச் சுவாசிக்க எண்ணும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். மூச்சடைத்து உயிர் போவதற்கும், நரம்புகள் கெடுவதற்கும் அது காரணமாகியிருக்கிறது. மோட்டார்களுக்கென அமெரிக்காவில் விற்கும் வாயுவில், யாரும் முகராதிருக்கும்பொருட்டுக் கந்தகவீரொட்சைட்டைச் சிறிதளவு சேர்ப்பதும் உண்டு.

பனி வண்டியின் எஞ்சின் உருகுவது பணநட்டம் மட்டுமன்று. பாதையற்ற மலையில், மாலை மயங்கும் வேளையில், இடுப்பளவு பனியினூடே நடந்து வீடு திரும்புதல் எளிதோ? ஒரு குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வழியற்று நின்ற தந்தையின் கையில் வளர்ந்த வண்டி இது. போவதற்கு மட்டுமன்றித் திரும்பி வருவதற்கும் உரியது. வேகத்தை விரும்புவோர் விரும்புக. ஆனால் காற்றைக் கூட்டுமுன் எண்ணெயைப் பார்க்க. விளக்கேற்றும் நம் தாய்மார் திரியைத் தூண்டுமுன் அகலை எட்டிப் பார்ப்பது அதற்காகவே அன்றோ?