தட்டு வைக்காத விளக்குப்பொறி



குண்டு பல்பு நம்ம வீடுகளை விட்டுப் போய்விட்டது. டவுனில் பெரிய எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால்கூட, "அறுபது வாட்டெல்லாம் இப்ப யாருங்க வாங்குறா?" என்று சொல்லி எல்.இ.டி.யை எடுத்து நீட்டுகிறார்கள். அது போனது நல்லதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் பின்னாலேயே நம்ம தோட்டத்தை விட்டு இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது. அது இருட்டு.

உரத்தை நிறுத்தினோம், பூச்சிமருந்தை நிறுத்தினோம், மண்புழு திரும்பி வந்துவிட்டது என்று பெருமையாகப் பேசுகிறோம். அதே தோட்டத்தில் விடிய விடிய நாலு விளக்கு எரிவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அதைத்தான் இப்போது பேச வேண்டும் என்கிறேன்.

மாற்றம் சரிதான்

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். குண்டு பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் கம்பி. அது 2,500 டிகிரி அளவுக்குச் சூடேறி, அந்தச் சூட்டில் ஒளி விடுகிறது. இழுக்கிற மின்சாரத்தில் நூற்றுக்கு அஞ்சு பங்கு போலத்தான் வெளிச்சமாக வரும். மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். 60 வாட் குண்டு பல்பு தருகிற வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது.

நாளுக்கு 5 மணி நேரம் எரித்தால், இரண்டு மாதத்தில் ஒரு குண்டு பல்பு 18 யூனிட் இழுக்கும். எல்.இ.டி.க்கு 2.7 யூனிட் போதும். மூன்று பல்பு உள்ள வீட்டில் 54 யூனிட் ஆன இடத்தில் இப்போது 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016ல் அறிவித்த நம்ம மாநிலத்தில், அந்த இலவசத்தில் பாதிக்கு மேல் மூன்று குண்டு பல்பே தின்றிருக்கும். ஏழை வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

இயற்கை விவசாயத்துக்கு நாம் எடுத்துக்காட்டாகச் சொல்கிற கியூபா, 2005ல் வீடு வீடாக ஆள் அனுப்பிக் குண்டு பல்பைக் கழற்றி சி.எஃப்.எல். மாட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2009ல் தொடங்கி 2012க்குள் படிப்படியாக நிறுத்தியது. இந்தியாவில் 2009ல் 'பச்சத் லேம்ப் யோஜனா' வந்தது. குண்டு பல்பைக் கொடுத்தால் 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். 2015 ஜனவரியில் 'உஜாலா' திட்டம் வந்தது. 2014ல் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த எல்.இ.டி. பல்பை, மொத்தமாக வாங்க வாங்க, 2016ல் 38 ரூபாய்க்கு இறக்கினார்கள். அந்தத் திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கு மேல் பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

மலிவு செய்த வேலை

விலையும் குறைந்தது, கரண்ட் பில்லும் குறைந்தது. அப்புறம் என்ன ஆனது? மோட்டார் கொட்டகையில் ஒரே ஒரு 40 வாட் பல்பு தொங்கிய காலத்தில், வேலை முடிந்ததும் முதல் வேலையாக அதை அணைப்போம். இப்போது கொட்டகைக்கு ஒன்று, மாட்டுத் தொழுவத்துக்கு இரண்டு, வரப்போரம் சோலார் விளக்கு, கேட்டில் 50 வாட் ஃபிளட் லைட். "எல்.இ.டி. தானேண்ணே, என்ன ஆகிடப் போகுது? எரியட்டும்" என்கிறோம். மிச்சம் பிடித்த மின்சாரத்தில் ஒரு பங்கை இப்படியே திரும்ப எரித்துவிடுகிறோம். மின்சாரம் போனால்கூடப் பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி போகிறதே?

விளக்குப்பொறி நமக்குப் புதிதல்ல. பல்புக்குக் கீழே தட்டு வைத்து, தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, தாய் அந்துப்பூச்சியைப் பிடிக்கிறோம். அதையும் மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை வைத்தால் போதும், விடிய விடிய வைக்காதே என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காரணம், விளக்கு கெட்ட பூச்சி, நல்ல பூச்சி என்று ஆள் பார்த்து இழுப்பதில்லை. அசுவினியைத் தின்கிற கண்ணாடி இறக்கைப் பூச்சியும் அதே வெளிச்சத்துக்குத்தான் வருகிறது. பொறிக்கு நாலு மணி நேரம் என்று கட்டுப்பாடு வைத்த நாம், பக்கத்திலேயே பன்னிரண்டு மணி நேரம் எரிகிற விளக்குக்கு எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. விடிய விடிய எரிகிற தோட்டத்து விளக்கு, தட்டு வைக்காத விளக்குப்பொறி. காலையில் அதன் அடியில் போய்ப் பாருங்கள். எறும்பு இழுத்துப் போனது போக மிச்சம் கிடக்கும்.

சுரையும் புடலையும் போட்டிருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். இந்த இரண்டும் பொழுது சாயும்போது வெள்ளையாகப் பூக்கிற கொடிகள். இவற்றுக்கு மகரந்தம் கடத்துகிற முக்கியமான ஆள் தேனீ இல்லை, இரவில் பறக்கிற அந்துப்பூச்சி. பந்தலுக்கு வர வேண்டிய அந்து, கேட்டு விளக்கைச் சுற்றிச் சுற்றியே ஓய்ந்துபோனால், பிஞ்சு எப்படிப் பிடிக்கும்? பிஞ்சு வெம்பி விழுவதற்குப் பல காரணம் உண்டு. விளக்கை மட்டும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் காரணம் தேடும்போது இதையும் ஒரு கண் பாருங்கள் என்கிறேன். மின்மினியும் அப்படித்தான். அதன் ஒளி, துணையைக் கூப்பிடுகிற குரல். சுற்றிலும் வெளிச்சம் இருந்தால் அந்தக் கூப்பாடு எடுபடாது.

பயிருக்கும் இரவு வேண்டும்

பூச்சிக்கு மட்டுமில்லை, பயிருக்கும் இருட்டு தேவை. சம்பாப் பட்டத்துப் பாரம்பரிய நெல் ரகங்களில் பல, பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் கதிர் கட்டும். இரவின் நீளத்தை வைத்தே அவை பருவத்தை அறிகின்றன. தெருவிளக்கு ஓரத்து வயலில், வெளிச்சம் விழுகிற இடம் மட்டும் பச்சையாக நின்று, தள்ளிப்போய்க் கதிர் விடுவது இதனால்தான். பாரம்பரிய விதையைப் பாடுபட்டு மீட்டெடுத்திருக்கிறோம். அதற்கு வேண்டிய இரவையும் சேர்த்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

இது கற்பனை இல்லை என்பதற்கு வணிக விவசாயமே சாட்சி. கர்நாடகத்தில் சாமந்தி போடுகிறவர்கள் வயல் முழுக்கப் பல்பு கட்டி, இரவில் எரியவிட்டு, பூப்பதைத் தள்ளிப் போடுகிறார்கள். செடி நன்றாக வளர்ந்த பிறகு விளக்கை அணைத்துப் பூக்க வைக்கிறார்கள். வியட்நாமின் பின் துவான் பகுதியில் டிராகன் பழத் தோட்டங்களில் இதற்கு நேர்மாறு. பருவமில்லாத காலத்தில் பூக்க வைக்க விளக்கு. அங்கே முன்பு 60 வாட் குண்டு பல்பு கட்டியவர்கள், பிறகு சி.எஃப்.எல்.லுக்கும் எல்.இ.டி.க்கும் மாறினார்கள். ஒரு சின்னப் பல்பு பூவைத் தள்ளிப் போடவும் செய்யும், முன்னால் இழுக்கவும் செய்யும் என்றால், நாம் கணக்கில்லாமல் போடுகிற பல்பு மட்டும் ஒன்றும் செய்யாதா?

பன்னி வருதே, பாம்பு வருதே?

இதைச் சொன்னால் உடனே வருகிற கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ராத்திரி தண்ணி கட்டப் போகிறவருக்கும், தொழுவத்துக்குப் போகிற பெண்களுக்கும் வெளிச்சம் கட்டாயம் வேண்டும். அதை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. நடக்கிற ஆளுக்கு வேண்டியது காலடியில் வெளிச்சம். கையில் ஒரு டார்ச், நடைபாதையில் தரையைப் பார்த்த விளக்கு, கைக்கு எட்டுகிற இடத்தில் சுவிட்ச் இருந்தால் போதும். ஆள் வந்தால் எரிந்து, போனால் அணைகிற சென்சார் விளக்கும் கிடைக்கிறது.

காட்டுப்பன்றிக்கோ, ஒரே இடத்தில் அசையாமல் எரிகிற விளக்கு நாலு நாளைக்குத்தான் பயம். அஞ்சாம் நாள் அந்த வெளிச்சத்திலேயே கடலையைத் தோண்டும். பூச்சி கூடுகிற விளக்கடியில் தவளை கூடும். தவளை கூடினால் பாம்புக்கும் அங்கே வேலை இருக்கிறது.

சூடு வேண்டிய இடம்

குண்டு பல்புக்கு இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது. அது கோழிக்குஞ்சுக் கூண்டு. முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். வீட்டில் வீண் என்று சொன்ன அதே சூடுதான் இங்கே உயிர். வெளிச்சமாக இருக்கிறதே என்று எல்.இ.டி.யைத் தொங்கவிட்டால் குஞ்சுகள் குளிருக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாகும். தாய்க்கோழியே அடைகாத்து வளர்த்தால் எந்தப் பல்பும் வேண்டாம். பொரிப்பகத்துக் குஞ்சு வாங்கி வளர்ப்பவர்கள் இரண்டு 60 வாட் பல்பைப் பத்திரப்படுத்தி வையுங்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் சூடு பத்தவில்லை. ஓரத்துக்கு விலகினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் சரியாக இருக்கிறது.

எருக்குழியில் பாதரசம்

நடுவில் வந்து போன சி.எஃப்.எல்.லை மறந்துவிடக் கூடாது. அதற்குள்ளும் டியூப் லைட்டுக்குள்ளும் பாதரசம் இருக்கிறது. ஒரு பல்பில் சில மில்லிகிராம்தான். ஆனால் அது மக்காத நஞ்சு. ஜப்பானின் மினமாட்டா ஊரை நாசமாக்கியதும் பாதரசம்தான். அந்த ஊரின் பெயரிலேயே அமைந்த உலக ஒப்பந்தத்தில், வீட்டு சி.எஃப்.எல்.லை 2025க்குள்ளும் டியூப் லைட்டை 2027க்குள்ளும் கைவிட முடிவாகியிருக்கிறது. பரணில் கிடக்கிற பழைய பல்பை வீட்டைச் சுத்தம் செய்யும்போது கூட்டி எருக்குழியில் தள்ளிவிடாதீர்கள். அந்த எரு நம்ம கீரைப் பாத்திக்குத்தான் வரும். உடைந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். விளக்குமாறு போடாமல், கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி மூடி போட்ட டப்பாவில் அடைத்து, மின்னணுக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்.

நாம் செய்யக்கூடியது

பெரிய செலவு எதுவும் இல்லை. வெளி விளக்குக்கு நீலம் கலந்த வெள்ளையான 'கூல் டே லைட்' வேண்டாம். மஞ்சள் ஒளி தருகிற 'வார்ம் ஒயிட்' கேட்டு வாங்குங்கள். நீலம் கூடக் கூடப் பூச்சி அதிகம் வரும். விளக்குக்கு மேல் ஒரு தகரத் தொப்பி போட்டு, ஒளி தரையில் மட்டும் விழும்படி செய்யுங்கள். பந்தலையும் வயலையும் பார்த்திருக்கிற ஃபிளட் லைட்டை இன்றைக்கே திருப்பி வையுங்கள். படுக்கப் போகும்போது அணையுங்கள். வயலோரத் தெருவிளக்குக்கு மறைப்பு போடச் சொல்லி அடுத்த கிராம சபையில் மனு கொடுங்கள். நாலு விவசாயி சேர்ந்து கேட்டால் நடக்கிற வேலைதான் இது.

ஒரு மாதம் இப்படி இருந்து பாருங்கள். புடலைப் பந்தலில் பிஞ்சை எண்ணுங்கள், வரப்பில் மின்மினியை எண்ணுங்கள். எண்ணிக்கையை நம் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.